பொலன்னறுவைத் தலதா மலுவையில் ஒரு தமிழ்க் கல்: வாசித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கல்லடிக்காரன் | மட்டக்களப்பு | திங்கள், இரவு 8:40

போன போயா (பௌர்ணமி) லீவுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு பொலன்னறுவைக்குப் போய் வந்தேன். விடியற்காலை ரெயிலில் ஏறி, கதுருவெலயில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் பழைய நகருக்குப் போனோம். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. வாழ்நாள் முழுக்க அந்த வழியால் கொழும்புக்குப் போய் வந்தவர். ஒரு தடவைகூட இறங்கிப் பார்த்ததில்லை. அந்தப் பாதை என்றாலே அவருக்கு நினைவில் நிற்பது, சோதனைச் சாவடிகளில் மூட்டை முடிச்சோடு இறங்கி நடந்த காலம்தான்.

தலதா மலுவை என்கிற அந்த உயர்ந்த முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம். வட்டதாகே, எதிரே ஹட்டதாகே, அதன் பக்கத்தில் அட்டதாகே. அட்டதாகேக்கு இப்போது கூரை இல்லை. கல்தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, நடுவில் ஒரு புத்தர் நிற்கிறார். முதலாம் விஜயபாகு மன்னன் புத்தரின் பல்லை வைப்பதற்குக் கட்டிய கோயில் அது. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த ஒரு கற்பலகைக்கு முன்னால் குனிந்து நின்றார். "மனே, இது நம்மட எழுத்தெல்லோ" என்றார்.

உண்மைதான். க தெரிகிறது, ப தெரிகிறது, வ தெரிகிறது. ஆனால் இடையிடையே நமக்குப் பழக்கமில்லாத எழுத்துகள் வருகின்றன. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. கால் மணிநேரம் நின்றும் ஒரு சொல்லைக்கூட முழுதாக வாசிக்க முடியவில்லை. ஒரு குழுவோடு வந்த வழிகாட்டி, "தமிழ்ப் படைவீரர்கள் வைத்த கல்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா விடவில்லை. சாப்பிடும்போதும் கேட்கிறார், படுக்கப் போகுமுன்னும் கேட்கிறார்: "அதில் என்னதான் எழுதியிருக்கு?" தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏறாவூரான் | திங்கள், இரவு 9:05

நானும் அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறேன் தம்பி. பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலத்தில் சுற்றுலா போனபோது "வேலைக்காரர் கல்வெட்டு" என்று யாரோ சொன்னார்கள். கோயில் கட்டிய கூலியாட்கள் பெயர் பொறித்த கல் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அது சரியா என்று டீச்சர் வந்து சொல்லட்டும்.

கல்முனை டீச்சர் | செவ்வாய், காலை 6:20

ஏறாவூரான் தம்பி, ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் பொருளே மாறிவிடுகிறது. வேலை இல்லை, வேளை. வேளை வந்தால் உயிரைக் கொடுப்போம் என்று தலைவனுக்குச் சத்தியம் செய்த படையினர்தான் வேளைக்காரர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் முதலாம் இராஜராஜனின் வேளைக்காரப் படைகள் தனித்தனிப் பெயர்களோடு வருகின்றன.

கல்லடித் தம்பி, உங்கள் அப்பா குனிந்து பார்த்தது நம் நாட்டில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகளில் மிக முக்கியமான ஒன்று. பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 993 அளவில் சோழர் படை அநுராதபுரத்தை வீழ்த்தியது. சோழர் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றி ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். 1017இல் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டான். தெற்கே இருந்த உரோகணத்திலிருந்து எழுந்து வந்து 1070இல் சோழரை வெளியேற்றியவன் விஜயபாகு. நகரம் விஜயராஜபுரம் ஆனது.

இனிக் கல்லில் உள்ளது. முற்பகுதி மன்னனைப் பற்றியது. அநுராதபுரம் புகுந்தான், சங்கத்தார் கேட்டுக்கொண்டபடி முடி சூடினான், பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்து பௌத்த சங்கத்தின் பிரிவுகளான மூன்று நிகாயங்களையும் தூய்மைப்படுத்தினான், மூன்று தடவை துலாபாரம் கொடுத்தான், 55 ஆண்டுகள் ஆண்டான். அவன் தன் படைத்தலைவனைக் கொண்டு கட்டுவித்ததே இந்தத் தந்ததாதுக் கோயில், அதாவது புத்தரின் பல் இருந்த கோயில்.

அடுத்து வருவதுதான் உங்கள் அப்பாவுக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய பகுதி. உத்தோருள்மூலை என்ற பெரிய விகாரையைச் சேர்ந்தவர் இராசகுருவான முகலன் மகாதேரர். அவர் அமைச்சர்களோடு வந்து வேளைக்காரரை அழைத்து, தளதாய்க் கோயில் உங்கள் காவலில் இருக்க வேண்டும் என்று கேட்கிறார். படையார் உடனே தலையாட்டிவிடவில்லை. கூட்டம் கூடுகிறார்கள். தங்களுக்கு மூத்தோராக மதித்த வலஞ்சியரையும், தங்களோடு சேர்ந்தவர்களான நகரத்தாரையும் அழைக்கிறார்கள். இரண்டும் வணிகக் கூட்டங்கள். எல்லாரையும் வைத்துக்கொண்டு முடிவெடுத்து, கோயிலுக்கு ஒரு பெயரும் சூட்டுகிறார்கள்: மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி. கை என்றால் படைப்பிரிவு. வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் என்று யார் யார் அந்தப் படையில் இருந்தார்கள் என்பதையும் கல் சொல்கிறது.

பிறகு வாக்குக் கொடுக்கிறார்கள். கோயிலின் பராமரிப்புக்கு நிலமும் ஆளும் ஒதுக்குகிறோம். கோயிலுக்குரிய ஊர்களையும் ஊழியரையும் பொருளையும் காப்போம். கோயிலுக்குள் அடைக்கலம் என்று வந்தவரையும், நாங்களே அழிந்துபோனாலும் காப்போம். எங்கள் மரபு உள்ள காலமெல்லாம் பழுதானதைத் திருத்துவோம். சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்க வேண்டும் என்று இதைக் கல்லிலும் செம்பிலும் வெட்டுவித்தோம். இந்த வாக்கை மீறுபவன் படைக்குப் பகைவன், புத்த தர்ம சங்கத்துக்குப் பிழை செய்தவன்.

நான் வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் அந்த அடைக்கலம் என்ற இடத்தில் சற்று நிறுத்திவிடுவேன். நிலம், பொன், ஊர் எல்லாவற்றையும் காப்போம் என்பது எந்தக் கல்வெட்டிலும் வரும். பயந்து ஓடி வந்த ஆளையும் காப்போம் என்று படையினர் தங்கள் வாயால் சொல்வது அப்படி எல்லா இடத்திலும் வராது.

கல்லடிக்காரன் | செவ்வாய், பகல் 12:50

டீச்சர், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை.

விஜயபாகு சோழரை அடித்துத் துரத்தியவன். அவன் கட்டிய கோயில், அதுவும் அரசுரிமைக்கே அடையாளமான தந்ததாது இருக்கும் கோயில். அதைக் காக்கச் சொல்லி ஒரு மகாதேரர் ஏன் தமிழ் பேசும் படையிடம் வர வேண்டும்? அவர்களுக்குச் சொந்த ஆட்கள் இருந்திருக்க மாட்டார்களா?

கல்முனை டீச்சர் | செவ்வாய், மாலை 5:15

அப்பாவின் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு கதை சொல்ல வேண்டும், அது கேள்வியை இன்னும் கடினமாக்கும்.

வேளைக்காரர் விஜயபாகுவின் படையிலேயே இருந்தவர்கள். 1085 அளவில் மன்னன் சோழ நாட்டின் மீது படையெடுக்க ஆயத்தம் செய்தபோது அவர்கள் மறுத்துக் கிளர்ந்தார்கள். தளபதிகளைக் கொன்றார்கள். அரண்மனையை எரித்தார்கள். மன்னனின் தங்கை மித்தாவையும் அவளுடைய மூன்று மகன்மாரையும் பிடித்துக்கொண்டார்கள். மன்னன் தப்பி ஓடி, படை திரட்டிக்கொண்டு வந்து அடக்கினான். கிளர்ச்சித் தலைவர்களை, அவர்கள் கொன்ற தளபதிகளின் சிதையைச் சுற்றிக் கட்டி எரித்தான் என்று, பிக்குகள் எழுதிய பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது.

பிடிபட்ட பிள்ளைகளில் ஒருவன் மானாபரணன். பின்னாளில் அவனுக்குப் பிறந்த மகன்தான் கல் விகாரையைச் செதுக்குவித்த மகா பராக்கிரமபாகு. மித்தாவின் கணவன் ஒரு பாண்டிய இளவரசன். இதையெல்லாம் கோத்துப் பார்த்தால், அந்தக் காலத்து அரண்மனையை இந்த மொழி, அந்த மொழி என்று கோடு போட்டுப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

சரி, இவ்வளவு நடந்த பிறகும் ஏன் அவர்களிடம் போனார்கள்? கல்வெட்டு விஜயபாகுவின் 55 ஆண்டு ஆட்சியை முடிந்த கதையாகத்தான் பேசுகிறது. அவன் 1110இல் இறந்த பிறகு வாரிசுச் சண்டை தொடங்கியது. மகன் விக்கிரமபாகு பொலன்னறுவையைப் பிடித்தான். விகாரைகளுக்கு இருந்த நிலங்களைப் பறித்துத் தன் ஆட்களுக்குக் கொடுத்தான், விகாரைக் கட்டடங்களில் படையினரைக் குடியிருத்தினான் என்று சூளவம்சம் குறை சொல்கிறது. அப்படி நாடு ஆட்டம் காணும் நேரத்தில் தன் விகாரையின் பொறுப்பில் உள்ள கோயிலை நினைத்துப் பயந்த ஒரு முதிய பிக்கு, நகரத்தில் வலுவோடு இருந்தவர்களிடம் போனார். இது என் விளக்கம்தான். ஆனால் அந்த நகரத்தில் ஒரு சத்தியத்தை நம்பி ஒப்படைக்கக்கூடிய கூட்டம் என்று அவர் இவர்களைக் கருதினார் என்பது கல்லிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள். விஜயபாகுவின் 42ஆவது ஆட்சியாண்டில் வெட்டிய பளமோட்டைக் கல்வெட்டு கந்தளாய்ப் பக்கத்தில் கிடைத்தது. நங்கைசாணி என்ற பிராமணப் பெண் இறந்துபோன தன் கணவனின் நன்மைக்காக விஜயராஜ ஈஸ்வரம் என்ற சிவன் கோயிலுக்குக் கொடுத்த கொடை அதில் இருக்கிறது. சோழரை வெளியேற்றிய அதே மன்னனின் பெயரில் ஒரு சிவன் கோயில். அந்தத் தர்மத்தைக் காக்கும் பொறுப்பு யாரிடம்? வேளைக்காரரிடம்.

ஏறாவூரான் | செவ்வாய், இரவு 9:30

டீச்சர், எனக்கு அந்தப் பெயரில் பெரும்பள்ளி என்ற சொல்தான் மனதில் நின்றது. நாங்கள் ஜும்ஆவுக்குப் போகும்போது "பள்ளிக்குப் போறேன்" என்றுதான் சொல்லுவோம். பிள்ளைகள் படிக்கப் போவதும் பள்ளிக்கூடத்துக்கு. எங்கள் பெரிய பள்ளியைப் பற்றி வாப்பா பேசும்போது வரும் அதே சொல், தொளாயிரம் வருடத்துக்கு முன்னால் பொலன்னறுவையில் புத்தரின் பல் இருந்த கோயிலுக்கு வைத்த பெயரில் இருக்கிறது.

இதை இன்று இஷாவுக்குப் பிறகு இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன். நம்பவில்லை. வீட்டுக்கு வந்து டீச்சர் எழுதியதைக் காட்டினேன்.

கல்முனை டீச்சர் | செவ்வாய், இரவு 9:52

ஆமாம் தம்பி. பழைய தமிழில் பௌத்தரும் சமணரும் தங்கி வழிபட்ட இடத்துக்குப் பள்ளி என்று பெயர். துறவிகள் அங்கே பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள், அதனால் பள்ளிக்கூடம். பிறகு நம் முஸ்லிம் மக்கள் தொழுகை இடத்துக்கு அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நம் வாயில் இன்றும் புழங்குகிற சொல்.

அக்கரைப்பற்று வாசகி | புதன், காலை 7:10

டீச்சர், அப்படியென்றால் வேளைக்காரர் எல்லாரும் பௌத்தர்களா? தமிழர் பௌத்தர்களாக இருந்தார்கள் என்பதற்கு இதுதான் சான்றா?

கல்முனை டீச்சர் | புதன், காலை 11:40

இல்லை மகள், இங்கேதான் நிதானம் வேண்டும். காவல் காத்தவன் எல்லாம் கும்பிட்டவன் என்று எடுக்க முடியாது. கந்தளாயில் சிவன் கோயிலைக் காத்தவர்களும் வேளைக்காரர்தானே. அந்தப் படையில் தமிழர், வடுகர், மலையாளர் எனப் பலரும் இருந்தார்கள். அவரவர் கடவுள் அவரவர்க்கு. அவர்களைச் சேர்த்துக் கட்டியது சத்தியம்.

தமிழ் பேசிய பௌத்தர்களைத் தேடினால் திருகோணமலைக்குப் போக வேண்டும். கன்னியாவுக்கு அப்பால் பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை இருக்கிறது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் பெரும்பாலும் 11ஆம் நூற்றாண்டு, சோழர் காலம். விகாரையின் பெயரே இராஜராஜப் பெரும்பள்ளி என்று மாறியிருக்கிறது. ஆதித்தப் பேரரையன் என்ற ஒருவர் அங்கே அணையாமல் எரிய ஒரு நந்தா விளக்கும் 84 பசுக்களும் கொடுத்திருக்கிறார். பசு எதற்கு என்றால் நெய்க்கு. தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் விளக்கு வைக்கும் அதே முறை, வைத்த இடம் மட்டும் விகாரை. சோழ மன்னர் சைவர். அநுராதபுரத்தை அழித்தவர்கள் என்று வரலாறு அவர்களைக் குற்றம் சொல்லும், சொல்லவும் வேண்டும். அவர்கள் காலத்திலேயே இந்த விகாரை தமிழ்க் கொடையால் வளர்ந்ததும் உண்மை.

எழுவான்கரை | புதன், இரவு 8:15

இதையெல்லாம் ஏன் நாங்கள் உரக்கச் சொல்லாமல் இருக்கிறோம்? பொலன்னறுவை என்றால் சிங்கள நகரம் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள். தலதா மாளிகையின் வாசலிலேயே தமிழ்க் கல் நிற்கிறது. அந்த நகரம் எங்களுடையது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கல்லின் படத்தைப் போட்டு எல்லா இடத்திலும் பரப்ப வேண்டும்.

மன்னம்பிட்டிப் பிள்ளை | புதன், இரவு 10:05

அண்ணா, கோபப்படாமல் கேளுங்கள். நாங்கள் இந்தப் பக்கம் இருக்கும் தமிழர். மன்னம்பிட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம். இந்தப் பகுதியின் பெயரான தமன்கடுவையை எங்கள் பெரியவர்கள் தம்பன்கடவை என்றுதான் சொல்லுவார்கள். அரிசி ஆலையிலும் சந்தையிலும் பஸ்ஸிலும் நாங்கள் சிங்கள ஆட்களோடும் முஸ்லிம் ஆட்களோடும்தான் ஒவ்வொரு நாளும் புழங்குகிறோம். போர்க்காலத்தில் எங்கள் ஊர்களிலும், பக்கத்துச் சிங்கள, முஸ்லிம் ஊர்களிலும் என்னென்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். "இந்த நகரம் எங்களுடையது" என்று யாராவது ஒரு பக்கம் உரக்கச் சொல்லும்போதெல்லாம் அதன் விலையைக் கொடுத்தது இந்தப் பாதையோரத்துச் சனம்தான்.

டீச்சர் எழுதியதைத் திரும்ப வாசியுங்கள். அந்தக் கல்லில் எங்கேயும் "இது எங்கள் நகரம்" என்று இல்லை. "எங்கள் காவல்" என்று இருக்கிறது. தங்களை நம்பி ஒப்படைத்த ஒன்றைக் காப்போம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை உரிமைப் பத்திரமாக வாசித்தால் நாங்கள் கல்லைத் தவறாக வாசிக்கிறோம்.

மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். பக்கத்தில் நிற்கும் சிங்களப் பிள்ளைக்கும் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். நான் ஒரு தடவை அப்படிச் செய்தேன். என்னோடு வேலை செய்யும் சிங்களத் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது, அவளுக்குத் தலதாவைத் தமிழ்ப் படை காத்த கதையே தெரியாது. அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

எழுவான்கரை | வியாழன், காலை 6:45

தங்கச்சி, நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். இரவு எழுதும்போது இருந்த சூட்டில் எழுதிவிட்டேன். பரப்ப வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. ஆனால் "எங்கள் காவல்" என்ற சொல்லோடுதான் பரப்புவேன்.

படுவான்கரை | கொக்கட்டிச்சோலை | வியாழன், இரவு 7:50

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும் டீச்சர். அந்தச் சத்தியம் நின்றதா? சந்திர சூரியர் உள்ளவரை என்று வெட்டினார்கள். ஆனால் தந்ததாது இன்று கண்டியில் இருக்கிறது, பொலன்னறுவையில் தூண்கள் மட்டும் இருக்கின்றன.

எனக்கு இதில் இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. பொலன்னறுவையை 1215இல் பிடித்த காலிங்க மாகன் விகாரைகளை இடித்தான், பிக்குகளைத் துரத்தினான், புத்தகங்களை அறுத்தெறிந்தான் என்று சூளவம்சம் எழுதியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதே மாகனை மாகோன் என்று மதிப்போடு சொல்லுவோம். கோயில் முறைகளையும் குடிகளின் கடமைகளையும் மாகோன் வகுத்தான் என்றுதான் பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் உரிய மரியாதையை எடுக்கும்போது அந்தப் பெயர் வரும். ஒரே மனிதன் அங்கே அழித்தவன், இங்கே அமைத்தவன். நான் எதை நம்புவது?

கல்முனை டீச்சர் | வெள்ளி, காலை 9:30

முதற் கேள்விக்குச் சுருக்கமான பதில்: நிற்கவில்லை. விக்கிரமபாகுவின் காலத்திலேயே பிக்குகள் தந்ததாதுவையும் பிட்சா பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு உரோகணத்துக்குப் போய்விட்டார்கள். உரோகணம் என்றால் இன்றைய அம்பாறை மாவட்டத்தின் பெரும்பகுதியும் அதற்குள் வரும். பிறகு அது சுகலா என்ற அரசியின் கையில் இருந்தது. பராக்கிரமபாகு அவளோடு பெரிய போர் செய்துதான் தந்ததாதுவைப் பொலன்னறுவைக்குத் திரும்பக் கொண்டுவந்தான். அதற்குப் பிறகு நிசங்கமல்லன் கட்டியதுதான் பக்கத்தில் இருக்கும் ஹட்டதாகே. மாகன் வந்தபோது பிக்குகள் மறுபடியும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள், கொத்மலையில் மறைத்து வைத்தார்கள். பின்னர் பெலிகல, தம்பதெனிய, யாப்பகூவ. யாப்பகூவையிலிருந்து பாண்டியரின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி அதைப் பாண்டிய நாட்டுக்கே கொண்டுபோய்விட்டான். மூன்றாம் பராக்கிரமபாகு நேரில் போய்க் குலசேகர பாண்டியனோடு பேசித் திரும்பப் பெற்றான். சண்டையால் போனது பேச்சால் வந்தது.

இரண்டாவது கேள்விக்கு நான் ஒன்றைத் தள்ளி மற்றதை எடுக்கச் சொல்ல மாட்டேன். சூளவம்சத்தை எழுதியவர்கள் பிக்குகள். இடிந்த விகாரை அவர்கள் வீடு. அவர்கள் வலியைப் பொய் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. மாகன் இருபத்தொரு ஆண்டு ஆண்டான்; கிழக்கில் அவன் பெயரில் ஒரு ஒழுங்கு நின்றதால்தான் உங்கள் கோயில்களில் இன்றும் அது சொல்லப்படுகிறது. நம் பிள்ளைகளுக்கு மாகோன் வகுத்த கதையைச் சொல்லும்போது பொலன்னறுவையில் அவன் படை செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கும் அது எளிதாக இருக்கவில்லை. முப்பது வருடம் படிப்பித்தும் இந்தப் பாடத்துக்கு முதல் நாள் இரவு எனக்குத் தூக்கம் குறைவுதான்.

படுவான்கரை | வெள்ளி, இரவு 8:20

நன்றி டீச்சர். அடுத்த சடங்குக்கு முன் கோயிலை நிர்வகிக்கும் எங்கள் வண்ணக்கர் ஐயாவிடம் இதைப் பேசப் போகிறேன்.

கல்லடிக்காரன் | வெள்ளி, இரவு 9:00

நாளை மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் போகிறேன். இந்தத் தடவை அவரே வாசிக்க வேண்டுமாம். டீச்சர், ஏதாவது வழி சொல்லுங்கள்.

கல்முனை டீச்சர் | வெள்ளி, இரவு 9:40

அந்தக் காலக் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் ஒரே மாதிரி இருக்கும், நாம்தான் பொருள் பார்த்துப் பிரிக்க வேண்டும். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வேறுபடுத்தியிருக்காது. காலும் ரகரமும் ஒன்று போலவே தெரியும். சொற்களுக்கு நடுவில் இடைவெளி இல்லை. உங்களுக்குப் பிடிபடாமல் போன எழுத்துகள் கிரந்தம். வடமொழிப் பெயர்களுக்கும் சொற்களுக்கும் பயன்படுத்தியது.

எல்லாவற்றையும் வாசிக்கப் பார்க்காமல் ஒரு சொல்லைத் தேடுங்கள். பெரும்பள்ளி. புள்ளி இல்லாமல் "பெருமபளளி" என்று இருக்கும். இரண்டு ளகரம் அடுத்தடுத்து வருவதைக் கண் பிடித்துக்கொள்ளும். அப்பா நெற்றியில் திருநீறு பூசுபவர் என்றால் ஒரு வேண்டுகோள்: எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கல்லில் மாவோ திருநீறோ தேய்க்க வேண்டாம், விரலாலும் தடவ வேண்டாம்.

மன்னம்பிட்டிப் பிள்ளை | வெள்ளி, இரவு 10:10

காலையிலேயே போய்ச் சேருங்கள் அண்ணா. வெயில் சரிந்து விழும்போதுதான் வெட்டின் நிழல் எழுத்தைக் காட்டும், உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். மத்தியானம் ஆனால் மலுவையில் வெறுங்காலோடு நிற்கவும் முடியாது, கல் கொதிக்கும். அப்பாவுக்கு ஒரு சோடி காலுறை எடுத்துப் போங்கள். நேரம் இருந்தால் வடக்கே இருக்கும் இரண்டாம் சிவதேவாலயத்துக்கும் போங்கள். வானவன்மாதேவி ஈஸ்வரம் என்பது அதன் பழைய பெயர். முழுக்கக் கல்லாலான சோழர் கோயில், சுவரில் தமிழ் எழுத்து இருக்கிறது.

கல்லடிக்காரன் | ஞாயிறு, இரவு 8:30

போய் வந்தோம். காலை எட்டு மணிக்கெல்லாம் மலுவையில் நின்றோம். காலுறை சொன்ன தங்கச்சிக்கு அப்பா தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

நான் எழுத்துகளை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தேன். அப்பா தாளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். மேலிருந்து ஒவ்வொரு வரியாக வந்தார். அரை மணிநேரத்துக்கு மேல் இருக்கும். நான் இடையில் இரண்டு தரம் "போதும் அப்பா, இருந்து பார்ப்போம்" என்றேன், கேட்கவில்லை. பிறகு விரலைக் கல்லில் படாமல் காற்றிலேயே பிடித்துக்கொண்டு, "பெ... ரு... ம... ப... ள... ளி" என்று வாசித்தார். டீச்சர் சொன்னது போலவே இரண்டு ளகரமும் ஒட்டி நின்றன. 

அந்த நேரம் வெள்ளை உடுப்பில் பூத்தட்டோடு வந்த ஒரு சிங்கள அம்மா, அப்பா என்ன வாசிக்கிறார் என்று கேட்டார். என் சிங்களம் அவ்வளவுதான். ஆனாலும் தலதா, தமிழ், ஹமுதாவ (படை), ஆரக்ஷாவ (காவல்) என்று தெரிந்த சொற்களை வைத்துச் சொன்னேன். அவருக்கு விளங்கியது. தட்டிலிருந்து ஒரு தாமரையை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அதை அட்டதாகேக்குள் நிற்கும் புத்தரின் காலடியில் வைத்தார். 

சிவதேவாலயத்துக்கும் போனோம். அங்கே நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்தபோது அப்பா நங்கைசாணியைப் பற்றிக் கேட்டார். கணவனை இழந்த பெண் தனியாக நின்று கோயிலுக்குக் கொடுத்தாளா, அவளுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்றெல்லாம். அம்மா போய் இந்த ஆவணியோடு மூன்று வருடம். 

கந்தளாய்க்குப் போக வேண்டும் என்கிறார். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை போய்த் திரும்புவதா, ஹபரணை வழியா, எது அவருக்கு அலைச்சல் குறைவு? ஏறாவூர் நானா, உங்கள் வேன் அடுத்த போயாவுக்குக் கிடைக்குமா?